ஊரை விட்டுப் போகாத பேண்டு: ஆர்.இ.எம். போட்ட நாலு பங்குக் கணக்கு

[திரையில்: கொடை மேடை. சீரியல் பல்புகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. லோடு ஆட்டோவில் ஸ்பீக்கர் பாக்ஸ் ஏறுகிறது.]

கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த இன்னிசைக் குழு கச்சேரியை முடித்துவிட்டு மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறது. மணி இரண்டு தாண்டிவிட்டது. கீபோர்டுக்கு உறை மாட்டியாயிற்று, டிரம்ஸைக் கழற்றியாயிற்று. கமிட்டியிடம் மீதித் தொகையை வாங்கிய குழுத் தலைவர், வேன் லைட் வெளிச்சத்தில் நின்று நோட்டை எண்ணுகிறார். வண்டிக்கு இவ்வளவு, மைக் செட்டுக்கு இவ்வளவு, பாடியவருக்கு இவ்வளவு. கடைசியாக ரிதம் பேட் வாசித்த பையனுக்கு வருகிறது. அவன் அதை எண்ணிக்கூடப் பார்ப்பதில்லை, மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறான். அடுத்த கொடைக்கு அவனை வேறொரு குழுவின் மேடையில் பார்க்கலாம்.

திருநெல்வேலிப் பக்கம் மேடை ஏறியவர்களுக்கு இது புதுக்கதை இல்லை. வில்லுப்பாட்டு செட்டோ, நையாண்டி மேளமோ, இன்னிசைக் குழுவோ, ஆள் பிரிந்து போவது பாட்டு சரியில்லாமல் அல்ல, பெரும்பாலும் பங்கு சரியில்லாமல்தான். வெளிநாட்டு ராக் பேண்டுகளும் இதே பள்ளத்தில்தான் விழுகின்றன. என்ன, அங்கே சண்டை லோடு ஆட்டோ பக்கத்தில் நடக்காது, வக்கீல் ஆபீஸில் நடக்கும்.

அந்தப் பள்ளத்தில் விழாமல் 31 வருஷம் ஓடிய ஒரு சின்ன ஊர் பேண்டைப் பற்றித்தான் இந்த வீடியோ. பேண்டின் பெயர் ஆர்.இ.எம்.

[திரையில்: அமெரிக்க வரைபடம். ஜார்ஜியா மாநிலம் பெரிதாகிறது.]

ஊர் ஏதென்ஸ். கிரேக்க நாட்டு ஏதென்ஸ் இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவில் இருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம் தள்ளி இருக்கும் ஏதென்ஸ். 2020 கணக்கெடுப்பில்கூட அங்கே மக்கள்தொகை சுமார் 1,27,000தான். நம் திருநெல்வேலி மாநகராட்சி 2011-லேயே 4,70,000-ஐத் தாண்டிவிட்டது. ஆக, "நம்ம ஊரு சின்ன ஊரு" என்ற சாக்கை முதலிலேயே ஓரமாக வைத்துவிடலாம்.

ஏதென்ஸின் உயிர் ஜார்ஜியா பல்கலைக்கழகம். பாளையங்கோட்டையில் வளர்ந்தவர்களுக்கு அப்படிப்பட்ட ஊர் எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. திரும்பின பக்கமெல்லாம் கல்லூரி, விடுதி, மெஸ். ஒரு பேண்டுக்கு இதில் என்ன லாபம் என்றால், வாடகை குறைவு, சாயங்காலம் சும்மா இருக்கும் இளவட்டம் அதிகம். அதைவிட முக்கியம், ஒவ்வொரு வருஷமும் புதிதாக ஒரு கூட்டம் ஊருக்கு வந்து இறங்கும். பழைய ரசிகர்கள் படிப்பை முடித்து வேறு ஊருக்குப் போகும்போது பேண்டின் பெயரும் அவர்களோடு போகும்.

இவர்களுக்கு முன்பே அதே ஊரில் பி-52ஸ் என்ற பேண்டு பெயர் எடுத்திருந்தது. ஆனால் பெயர் வந்ததும் அவர்கள் நியூயார்க்குக்குப் போய்விட்டார்கள். நாம் சென்னைக்கு ரயில் ஏறுவது மாதிரி. ஆர்.இ.எம். போகவில்லை.

[திரையில்: ரெக்கார்டு கடை, அடுக்கடுக்காக எல்.பி. இசைத்தட்டுகள்.]

வக்ஸ்ட்ரி என்று ஒரு ரெக்கார்டு கடை. அங்கே வேலை பார்த்தவர் பீட்டர் பக். கடைக்கு அடிக்கடி வரும் ஓவியக்கலை மாணவர் ஒருவர், பக் தனக்கென்று எடுத்து வைக்க நினைத்த தட்டுகளையே தேடிப்பிடித்து வாங்கிப் போவார். அவர் மைக்கேல் ஸ்டைப். எரிச்சலில் தொடங்கிய பேச்சு சிநேகமாகிவிட்டது. பக் கிட்டார், ஸ்டைப் பாட்டு. இன்னொரு பக்கம் மேக்கன் என்ற ஊரில் இருந்து படிக்க வந்த மைக் மில்ஸும் பில் பெர்ரியும். மில்ஸ் பேஸ் கிட்டார், பெர்ரி டிரம்ஸ். பள்ளிக்கூடத்தில் இந்த இருவருக்கும் ஒருவரையொருவர் கண்டாலே ஆகாது என்பது தனிக்கதை.

பாளையில் கிட்டாரோ கீபோர்டோ எங்கே கற்றாய் என்று கேட்டால் நிறையப் பேர் சர்ச் பாடகர் குழுவைத்தான் சொல்வார்கள். ஆர்.இ.எம். பிறந்ததும் சர்ச்சில்தான், ஆனால் அதில் பக்திக்கு வேலை இல்லை. ஆராதனை நின்றுபோன பழைய செயின்ட் மேரிஸ் ஆலயத்தை வீடாக மாற்றி வாடகைக்கு விட்டிருந்தார்கள். அங்கே ஒரு தோழியின் பிறந்தநாள் விருந்தில் இவர்கள் முதன்முதலாக வாசித்த நாள் 1980 ஏப்ரல் 5, ஈஸ்டருக்கு முந்தின நாள். அந்தக் கட்டடத்தைப் பின்னால் இடித்துவிட்டார்கள், கோபுரம் மட்டும் இன்னும் நிற்கிறது. நம்ம பாளை ஊசிக்கோபுரம் அளவுக்குக் கற்பனை செய்யாதீர்கள், அது சின்னக் கோபுரம். பேண்டின் பெயரைக்கூட அகராதியைத் திறந்து கண்ணில் பட்டதில் இருந்துதான் எடுத்தார்கள்.

[திரையில்: பழைய நீல வேன், நெடுஞ்சாலை.]

அப்புறம் சுற்றுப்பயணம். மேனேஜரே வேன் ஓட்டுவார். சாப்பாட்டுப் படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 டாலர். 1981-ல் முதல் இசைத்தட்டு, 'ரேடியோ ஃப்ரீ யூரோப்'. பெற்றோர் வீட்டு கராஜில் ஸ்டூடியோ வைத்திருந்த மிட்ச் ஈஸ்டர்தான் பதிவு செய்தார். முதலில் அச்சடித்தது 1,000 பிரதிகள். ஆனால் அந்த ஆயிரத்தில் பெரும்பகுதி விற்பனைக்கே போகவில்லை, கேட்டுப் பார்க்கச் சொல்லி அனுப்பி வைத்தார்கள். அது பலித்தது. அந்த வருஷத்தின் சிறந்த தனிப்பாடல்களில் ஒன்று என்று நியூயார்க் டைம்ஸ் பட்டியல் போட்டது.

இதைத் தூக்கிவிட்டது கல்லூரி வானொலி. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் மாணவர்களே நடத்தும் சின்ன வானொலி நிலையம் உண்டு. விளம்பரக்காரருக்குப் பயப்பட வேண்டியதில்லை, பிடித்ததைப் போடலாம். நம் பக்கம் வில்லுப்பாட்டுக்குத் திருநெல்வேலி வானொலி செய்தது என்ன என்று தெரிந்தவர்களுக்கு இதன் பலம் புரியும். மேடைக்கு வர முடியாதவன் காதிலும் பாட்டு விழும்.

1982-ல் ஐ.ஆர்.எஸ். என்ற கம்பெனியோடு ஒப்பந்தம். முழு ஆல்பத்துக்கு முன் சோதனையாக வேறொரு தயாரிப்பாளரிடம் அனுப்பினார்கள். அவர் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தார், மேலே சிந்தசைசரை வேறு ஏற்றினார். பேண்டுக்குப் பிடிக்கவில்லை. "எங்களுக்கு மிட்ச் ஈஸ்டரே போதும்" என்று நின்றார்கள். புதுப்பையன்கள் கம்பெனியிடம் அப்படி நிற்பது லேசான காரியம் இல்லை. நாலு பேரில் ஒருவர் சரி என்று தலையாட்டியிருந்தால்கூட அது நடந்திருக்காது.

அப்படி வந்த ஆல்பம்தான் 1983-ன் 'மர்மர்'. அட்டைப் படத்தில் வயல்வெளி முழுவதையும் ஒரு கொடி மூடிக் கிடக்கும். குட்ஸு என்ற ஜப்பானியக் கொடி. மண் அரிப்பைத் தடுக்கட்டும் என்று அரசாங்கமே நடச் சொன்னது, அப்புறம் ஊரையே விழுங்கிவிட்டது. சுருக்கமாக, அவர்கள் ஊர் சீமைக்கருவேலம். உலகம் வாங்கப்போகும் தட்டுக்கு ஊர்க்காட்டையே அட்டையாகப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள். ஸ்டைப் பாடியதில் பாதி வார்த்தை யாருக்கும் விளங்கவில்லை. ஆனாலும் ரோலிங் ஸ்டோன் என்ற இசைப் பத்திரிகையின் விமர்சகர்கள் அந்த வருஷத்தின் சிறந்த ஆல்பமாக மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லரை'த் தாண்டி இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். விற்பனையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம், அது வேறு விஷயம்.

அடுத்த நாலு வருஷத்தை வேகமாகத் தாண்டலாம். வருஷம் ஒரு ஆல்பம், ஓயாத பயணம், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிய மண்டபம். 1987-ல் வந்த 'டாக்குமென்ட்' பத்து லட்சம் பிரதி தாண்டியது. 1988-ல் வார்னர் பிரதர்ஸ் என்ற பெரிய கம்பெனிக்கு மாறினார்கள்.

[திரையில்: கரும்பலகை. சாக்பீஸில் நாலு கட்டங்கள்.]

இப்போது அந்தக் கணக்குக்கு வருவோம். இதற்காகத்தான் இந்த வீடியோவே.

ஒரு பேண்டுக்குப் பணம் எங்கிருந்தெல்லாம் வருகிறது? கச்சேரிச் சம்பளம் ஒன்று. இசைத்தட்டு விற்பனையில் வரும் பங்கு ஒன்று. இந்த இரண்டையும் வாசித்தவர்கள் பிரித்துக்கொள்வார்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதுதான் பெரியது: பாட்டை இயற்றியவருக்கு வரும் ராயல்டி. வானொலியில் ஒலித்தாலும், படத்தில் பயன்படுத்தினாலும், நாளைக்கு வேறு யாராவது அதைப் பாடி விற்றாலும், இயற்றியவர் கணக்கில் காசு விழுந்துகொண்டே இருக்கும். வாசித்தவர் பெயர் அங்கே இருக்காது.

பெரும்பாலான பேண்டுகளில் பாடகரும் கிட்டாரிஸ்டும் இயற்றியவர்களாகப் பெயர் போட்டுக்கொள்வார்கள். பத்து வருஷம் கழித்து அவர்கள் பங்களா கட்டியிருப்பார்கள், டிரம்மர் வாடகை வீட்டில் இருப்பார். அப்போது வெடிக்கும். "அந்தத் தாளத்தை நான்தானே போட்டேன்" என்று தொடங்கும்.

ஆர்.இ.எம். செய்தது ரொம்ப எளிது. எந்தப் பாட்டை யார் எழுதினாலும், இயற்றியவர்கள் பெர்ரி, பக், மில்ஸ், ஸ்டைப். ஆங்கில அகரவரிசையில் நாலு பெயர், சமமாக நாலு பங்கு. கூடவே இன்னொன்று: முக்கிய முடிவு எதுவானாலும் நாலு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இது வெறும் பெருந்தன்மை என்று நினைத்தால் விஷயம் பிடிபடவில்லை என்று அர்த்தம். பங்கு பாட்டுக்குப் பாட்டு மாறினால், "என் பாட்டைத்தான் ஆல்பத்தில் போட வேண்டும்" என்று ஆளாளுக்கு மல்லுக்கட்டுவார்கள். பங்கு சமம் என்றால் யார் பாட்டு என்பதே பேச்சில்லை, எது நல்ல பாட்டு என்பதுதான் பேச்சு.

ஒரு உதாரணம். 1992-ல் வந்த 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' பாட்டின் இசையில் பெரும்பகுதியைக் கொண்டுவந்தவர் டிரம்மர் பெர்ரி. ஆனால் அந்தப் பாட்டில் பெரும்பாலும் தாளம் போடுவது ஒரு டிரம் மெஷின், அவர் வாசிப்பது கொஞ்சம்தான். தன் டிரம்ஸுக்கே அதிகம் இடமில்லாத பாட்டை டிரம்மர் தைரியமாகக் கொண்டுவர முடிந்தது என்றால், பங்கு போய்விடும் என்ற பயம் அவருக்கு இல்லை.

[திரையில்: மேண்டலின், கிட்டத்தில்.]

அதற்கு ஒரு வருஷம் முன்பு 'லூசிங் மை ரிலிஜன்'. பக் புதிதாக மேண்டலின் கற்றுக்கொண்டிருந்தார். டி.வி. பார்த்தபடி ஏதோ மீட்டியதை டேப்பில் பிடித்து வைத்தார். பிறகு கேட்டால், கற்றுக்குட்டி மீட்டலுக்கு நடுவே அந்த மெட்டு! திரும்பத் திரும்ப வரும் பல்லவி என்று சொல்ல எதுவும் இல்லாத ஒரு மேண்டலின் பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் 4-ஆம் இடம் வரை ஏறியது. அதன் வீடியோவை எடுத்தவர் ஜலந்தரில் பிறந்த தர்சேம் சிங். அந்தப் பாட்டு வந்த ஆல்பத்துக்கு 3 கிராமி விருது.

அடுத்த ஆல்பத்தின் பெயர் 'ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்'. தத்துவம் ஒன்றும் இல்லை. ஏதென்ஸில் வீவர் டீஸ் என்ற சாப்பாட்டுக் கடையின் போர்டில் இருந்த வாசகம். கோடிக்கணக்கில் தட்டு விற்கும் பேண்டு, தான் சாப்பிடும் கடையின் போர்டை ஆல்பத்துக்குப் பெயராக வைக்கிறது. எனக்குக் கேட்டால், இவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு பெரிய ஆல்பத்துக்கும் இவர்கள் சுற்றுப்பயணமே போகவில்லை. வேண்டாம் என்று தோன்றியது, போகவில்லை, அவ்வளவுதான்.

பயணம் போனபோது சோதனையும் வந்தது. 1995 மார்ச் 1, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரம். மேடையிலேயே பெர்ரிக்கு மூளை ரத்தக்குழாயில் கோளாறு. அறுவை சிகிச்சை நடந்து, பிழைத்து, மே மாதமே திரும்ப டிரம்ஸில் உட்கார்ந்தார். அதே பயணத்தில் மில்ஸுக்கும் ஸ்டைப்புக்கும்கூட அறுவை சிகிச்சை ஆனது. கொடை கழிக்காமல் போனார்களோ என்று நம்ம ஊர்ப் பாட்டிமார் கேட்டிருப்பார்கள்.

1996-ல் வார்னரோடு மறு ஒப்பந்தம். 8 கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. மறுவருஷமே பெர்ரி விலகினார். சண்டை இல்லை. "நான் போனால் பேண்டு கலையும் என்றால் போகமாட்டேன்" என்று சொல்லி, மற்ற மூவரும் தொடர்வோம் என்று ஒத்துக்கொண்ட பிறகே போனார். போய் ஜார்ஜியாவிலேயே நிலம் வைத்து வைக்கோல் புல் வளர்த்தார்.

நேர்மையாகச் சொன்னால், அதற்குப் பின் வந்த ஆல்பங்கள் பழைய உயரத்துக்கு வரவில்லை. ஒரு கால் உடைந்த கட்டில் மாதிரி ஆகிவிட்டது என்று ரசிகர்களே சொல்வார்கள். 2011 செப்டம்பர் 21-ல் பேண்டைக் கலைப்பதாக அறிவித்தார்கள். யாரும் யார் மீதும் வழக்குப் போடவில்லை.

[திரையில்: தாளில் பேனா. மேலே பாட்டின் பெயர், கீழே வரிசையாகப் பெயர்கள்.]

சரி, நம் ஊர்க் குழுக்களுக்கு இதில் என்ன இருக்கிறது? சினிமாப் பாட்டு மட்டும் பாடும் இன்னிசைக் குழுவுக்கு அந்த மூன்றாவது வருமானம் கிடையாது, பாட்டு வேறொருவருடையது. ஆனால் இப்போது சொந்தப் பாட்டு எழுதி வலையேற்றும் பையன்களும் பிள்ளைகளும் நம் பக்கம் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் சொல்கிறேன். இந்தியாவில் ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு 1969 முதல் பாடலாசிரியர், இசையமைப்பாளர் ராயல்டியை வசூலித்துக் கொடுக்கிறது. பாட்டை அங்கே பதியும்போது யாருக்கு எத்தனை சதவீதம் என்று குறிக்க வேண்டும். அந்தச் சதவீதத்தைப் பாட்டு ஹிட்டான பிறகு பேச உட்கார்ந்தால் விடியாது. ரிகர்சல் நடக்கும் மாடியிலேயே பேசி, ஒரு தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். சமமாகத்தான் பிரிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. எழுதிவிடுங்கள் என்கிறேன்.

2024 ஜூனில் நியூயார்க்கில், பாட்டு இயற்றியவர்களுக்கான கௌரவ வரிசையில் ஆர்.இ.எம்.-ஐச் சேர்த்தார்கள். பாடகரை மட்டும் அல்ல, நாலு பேரையும். வயலுக்குப் போன டிரம்மர் உட்பட. அன்று நால்வரும் சேர்ந்து மேடையேறி, 'லூசிங் மை ரிலிஜன்' என்ற அந்த ஒரே பாட்டை வாசித்துவிட்டு இறங்கினார்கள்.

அந்தப் பங்குத் தாளில் என்னென்ன எழுத வேண்டும் என்பதை அடுத்த வீடியோவில் வரிவரியாகப் பார்ப்போம். உங்கள் குழுவில் இப்போது எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். பேட் வாசிப்பவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.