பாட்டிலை அளந்துவிட்டு ரேக் வாங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஃபர்னிச்சர் கடைகளில் இப்போது ஓர் அழகான பொருள் கண்ணில் படுகிறது. மரத்திலோ இரும்பிலோ கட்டம் கட்டமாகச் சட்டம் போட்டு, பாட்டில்களைப் படுக்கவைக்கிற தாங்கி. ஒயின் ரேக் என்று பெயர். சாப்பாட்டு அறைச் சுவரில் மாட்டினால் எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் செக்கு நல்லெண்ணெயையும் நன்னாரி சர்பத்தையும் படுக்கவைத்த வீடுகளில் ஒரு வாரத்துக்குள் கீழ்க்கட்டத்தில் பிசுக்கு ஏறிவிடுகிறது. சுவரில் எண்ணெய்க் கறை, சர்பத் சொட்டிய இடத்தில் எறும்புச் சாரை. ரேக்கின் மேல் குற்றமில்லை. அது வேறொரு பாட்டிலுக்காகப் பிறந்தது.

ஒயின் பாட்டிலின் வாயில் இருப்பது தக்கை, ஒருவகை மரப்பட்டையில் செய்தது. பாட்டிலை மாதக்கணக்கில் நிமிர்த்தி வைத்தால் தக்கை காய்ந்து சுருங்கும், இடுக்கு வழியாகக் காற்று புகும், உள்ளே இருப்பது கெடும். படுக்கவைத்தால் திரவம் தக்கையை நனைத்துக்கொண்டே இருக்கும், அது உப்பி அடைத்துக்கொள்ளும். படுக்கை ரேக்குக்குக் காரணம் இவ்வளவுதான். அதையும் 12 முதல் 14 டிகிரி வரை குளிர்ந்து கிடக்கும் நிலவறையில் வைப்பார்கள். திருகுமூடி போட்ட ஒயினுக்குக்கூடப் படுக்கை தேவையில்லை.

நம் வீட்டு பாட்டில்களில் இருப்பது திருகுமூடி, இல்லையென்றால் ஊற்றுவாய் வைத்த மூடி. நாலு தடவை திறந்து மூடியதும் உள்ளிருக்கும் வளையம் தளர்ந்துவிடும். எண்ணெய் மெல்லிய இடுக்கிலும் ஊர்ந்து வரும். சந்தேகம் இருந்தால் ஒரு பாட்டிலில் முக்கால் அளவு எண்ணெய் ஊற்றி, செய்தித்தாள் மேல் ஒரு ராத்திரி படுக்கவைத்துப் பாருங்கள். காலையில் தாளே சொல்லிவிடும். ஆகவே நமக்கு வேண்டியது பாட்டில் நிமிர்ந்து நிற்கிற ரேக். அழகை அதற்குள் கொண்டுவர வழி நிறைய இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

முதலில் அளவு. கடைக்குப் போகும் முன் வீட்டில் உள்ள எல்லா பாட்டில்களையும் மேசையில் எடுத்து வையுங்கள். நல்லெண்ணெய், கடலெண்ணெய், தேங்காய் எண்ணெய், தேன், வினிகர், நன்னாரி சர்பத், கம்பத்துப் பன்னீர் திராட்சையில் போட்ட ஸ்குவாஷ் என்று எல்லாம் வரட்டும். அகலமான பாட்டிலின் குறுக்களவையும் உயரமான பாட்டிலின் உயரத்தையும் டேப்பால் அளந்து எழுதுங்கள். குறுக்களவோடு ஒன்றரை சென்டிமீட்டர் சேர்த்தால் ஒரு பாட்டிலுக்கான இடம். உயரத்தோடு 5 சென்டிமீட்டர் சேர்த்தால் தட்டுக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி. அந்த 5 சென்டிமீட்டரைக் குறைத்துவிட்டால் பாட்டிலைச் சாய்த்துத்தான் எடுக்க முடியும், கழுத்து மேல்தட்டில் இடிக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 9 சென்டிமீட்டர் குறுக்களவு, 30 சென்டிமீட்டர் உயரம் உள்ள பாட்டில்கள் 21 இருக்கின்றன. ஒரு தட்டுக்கு 7 வீதம் மூன்று தட்டு. உள் அகலம் 75 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டரை அடி. உயரம் பலகைகளின் கனத்தையும் சேர்த்து 113 சென்டிமீட்டர் வரும். ஆழம் 12 சென்டிமீட்டர் போதும். ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு வரிசை வைக்கும்படி ஆழமாகச் செய்யாதீர்கள். பின்வரிசைப் பாட்டில் மறந்தே போய்விடும், தூசி படிந்து, உள்ளே எண்ணெய் காறிப்போன பிறகுதான் கைக்குக் கிடைக்கும். எடை விஷயத்திலும் ஆழம் அதிகமானால் ஆபத்து.

எடையைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். கண்ணாடி பாட்டிலும் சேர்த்தால் ஒன்றரைக் கிலோ. தேன் என்றால் ஒரு லிட்டரே 1.4 கிலோ, பாட்டில் தனி. 21 பாட்டில் என்றால் 31 கிலோவுக்கு மேல். பிளைவுட் ரேக்கின் எடை 7 கிலோவுக்குக் குறையாது. மொத்தம் 40 கிலோ சுவரில் தொங்கப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோ சிமென்ட் மூட்டையில் ஐந்தில் நாலு பங்கு.

இந்த 40 கிலோ கீழ்நோக்கி மட்டும் இழுப்பதில்லை, மேல் ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்கவும் பார்க்கும். எவ்வளவு பிடுங்கும் என்பது இரண்டு அளவைப் பொறுத்தது: பாரம் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ்ப்பிடிமானத்துக்கும் எவ்வளவு தூரம். படுக்கை ரேக் 30 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பாரத்தின் நடு 15 சென்டிமீட்டரில் விழும். பிடிமானங்களுக்கு இடையே 10 சென்டிமீட்டர்தான் என்றால் மேல் ஸ்க்ரூக்களுக்கு 60 கிலோ இழுவிசை. அதே பாரத்தை 12 சென்டிமீட்டர் ஆழ ரேக்கில் வைத்து, மேலும் கீழும் ஒரு மீட்டர் இடைவெளியில் பிடித்தால் இழுவிசை இரண்டரைக் கிலோகூட வராது. ஒல்லியாக, உயரமாக, சுவரோடு ஒட்டி நிற்கும் ரேக்தான் பலம். பார்வைக்கும் அதுதான் நன்றாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இனி சுவர். நம் மதுரையில் மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரைச் சுவர் இருக்கும். பார்க்கக் கனமாக இருந்தாலும் டிரில் போட்டதும் பொலபொலவென்று உதிரும். சாதாரணப் பிளாஸ்டிக் பிளக் 35 மில்லிமீட்டர் நீளம். அதில் பாதி மேல்பூச்சிலேயே போய்விடும், செங்கல்லைப் பிடிப்பது மீதிதான். மாட்டிய அன்று உறுதியாகத் தெரியும், இரண்டு மாதத்தில் ஆடும். இந்தச் சுவருக்கு 80 முதல் 100 மில்லிமீட்டர் நீளமுள்ள, 10 மில்லிமீட்டர் பிளக் போடுங்கள். பழைய கொத்தனார்கள் கட்டை பதிப்பார்களே, அது இன்னும் நல்லது. உளியால் 5 சென்டிமீட்டர் சதுரமாக, வாயைவிட உட்புறம் அகலமாக இருக்கும்படி குழி எடுத்து, தேக்குக் கட்டையைச் சிமென்ட் கலவையோடு பதித்து, ஈரம் காயாமல் 7 நாள் வைத்திருந்து, அப்புறம் அந்தக் கட்டையில் ஸ்க்ரூ ஏற்றுவது. பொறுமை வேண்டும், ஆனால் அசையாது.

ஊருக்கு வெளியே எழும்பும் புது வீடுகளில் வேறு சங்கடம். உள்ளே பொந்து வைத்த ஹாலோ பிளாக்கும், நுரைபோல் லேசான ஏஏசி கல்லும் அங்கே சகஜம். தட்டிப் பார்த்தால் வெற்றுச் சத்தம் கேட்கும். ஹாலோ பிளாக்கில் சாதாரண பிளக் பொந்துக்குள் சும்மா சுற்றும். உள்ளே போனதும் சிறகு விரித்துப் பிடித்துக்கொள்கிற போல்ட் கடைகளில் கிடைக்கிறது, அதைக் கேளுங்கள். ஏஏசி கல்லுக்கென்று தனி பிளக் உண்டு. இரண்டு கல்லிலும் டிரில்லைச் சுத்தியல் முறையில் ஓட்டவேண்டாம், கல் உள்ளே பிளந்துவிடும்.

எந்தச் சுவரானாலும் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள இணைப்பில் துளை போடாதீர்கள். துளை பிளக்கைவிட அரை சென்டிமீட்டர் ஆழம் கூடுதலாக இருக்கட்டும். உள்ளிருக்கும் தூளை ஊதி எடுத்துவிட்டுப் பிளக்கைச் செருகுங்கள். தூள் கிடந்தால் பிளக் முழுதாக இறங்காது, இறங்கினாலும் வழுக்கும். சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை கூடாது, ஒயர் குழாய் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும். குழாயடிச் சுவரிலும் அப்படியே. மாட்டும்போது ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அரை சென்டிமீட்டர் சாய்ந்தாலே வரிசையாக நிற்கும் பாட்டில்கள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சுவர் நம்பிக்கை தராவிட்டால் தரையில் நிற்கும் ரேக் வாங்குங்கள். அதையும் நாலடிக்கு மேல் உயரமானால் மேலே ஒரு கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிடித்துவிட வேண்டும். குழந்தை ஒன்று கீழ்த்தட்டில் கால் வைத்து ஏறினால் போதும், முழு ரேக்கும் முன்னால் சாயும்.

எந்த இடத்தில் மாட்டுவது என்பது நம் ஊரில் மற்ற ஊர்களைவிட முக்கியமான கேள்வி. மதுரையில் அக்னி நட்சத்திர நாட்களில் 40 டிகிரி சர்வசாதாரணம். மேற்குச் சுவர் மதியத்திலிருந்து வெயிலைக் குடித்து, ராத்திரி வரைக்கும் வீட்டுக்குள் கக்கிக்கொண்டிருக்கும். ரேக் மாட்ட நினைத்திருக்கும் சுவரில் சாயங்காலம் 7 மணிக்கு உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு தெரிந்தால் அந்தச் சுவர் வேண்டாம். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடுகளில் பரண் உயரத்தில் சூடு அதிகம், எண்ணெய் இடுப்பு உயரத்துக்குக் கீழே இருப்பது நல்லது. அடுப்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். ஃபிரிட்ஜ் தலைமேல் பாட்டில் அடுக்குவதும் தப்பு, அது பின்னாலிருந்து வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும்.

எண்ணெயைக் காறவைப்பவை சூடு, வெளிச்சம், காற்று மூன்றும். கொழுப்பு காற்றோடு சேர்ந்து மாறுவதை வெயில் வேகப்படுத்தும், அதனால்தான் அந்தச் சிக்கு வாடை. நல்லெண்ணெயில் இயற்கையாகவே காறலைத் தடுக்கும் பொருட்கள் இருப்பதால் கொஞ்சம் தாங்கும். கடலெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அந்த அளவு தாங்காது. தெளிந்த கண்ணாடியில் பொன்னிற எண்ணெய் ஜன்னலோரம் மின்னுவது கண்ணுக்கு விருந்துதான், ஆனால் வாய்க்கு விருந்தாகாது. ஜன்னலுக்கு எதிரே வைத்தே தீரவேண்டுமென்றால் பழுப்பு நிற பாட்டில்களுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தேனும் வெயிலில் நாளாக நாளாகக் கறுத்து மணம் இழக்கும்.

பொருள் எதில் செய்வது? பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம். ஈரம் பட்ட இடத்தில் ரொட்டிபோல் ஊறி உப்பும், 75 சென்டிமீட்டர் நீளத்துக்கு நடுவில் தாங்கல் இல்லாவிட்டால் ஒரு வருஷத்தில் வளையும். பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 என்ற முத்திரை உள்ள 18 மில்லிமீட்டர் மெரைன் பிளைவுட் கேளுங்கள், வெட்டிய விளிம்புகளையெல்லாம் அடைத்துப் பாலிஷ் போடச் சொல்லுங்கள். தண்ணீர் நுழைவது விளிம்பு வழியாகத்தான்.

காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழற்றிய பர்மாத் தேக்குச் சட்டங்கள் கிடைக்கும். இதற்கு அதைவிட நல்ல மரம் இல்லை. பல பத்தாண்டு காய்ந்து நின்ற மரம் இனிமேல் முறுக்காது. வாங்கும்போது சிறு துளைகளைத் தேடுங்கள். சட்டத்தைத் தரையில் தட்டும்போது துளையிலிருந்து புதிதாக மாவு கொட்டினால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது, விட்டுவிடுங்கள். ஒடிந்த ஆணிகள் புதைந்திருந்தால் ஆசாரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவருடைய ரம்பம் தப்பும்.

வெல்டிங் பட்டறையில் செய்வதானால் முக்கால் இன்ச் சதுரப் பைப் தாராளம். துரு முதலில் பிடிப்பது வெல்டு வைத்த மூட்டில், அதனால் கசடைத் தட்டித் தேய்த்த பிறகே பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். எவர்சில்வர் என்றால் 304 தரம் கேளுங்கள். 202 தரம் ஊறுகாய் உப்பு பட்டால் புள்ளி புள்ளியாகத் துருவேறும். காந்தம் வைத்து இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது, இரண்டிலும் காந்தம் அவ்வளவாக ஒட்டாது. பில்லில் தரத்தை எழுதி வாங்குவதே வழி. கண்ணாடித் தட்டு வேண்டுபவர்கள் 8 மில்லிமீட்டர் டஃபன்டு கண்ணாடி போடலாம். அதைப் பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது, அளவை முதலிலேயே சரியாகக் கொடுங்கள்.

கடப்பா கல் தட்டு நம் சமையலறைகளுக்குப் பழகியதுதான், பாரமும் நன்றாகத் தாங்கும். ஆனால் அது சுண்ணாம்புக் கல் வகை. எலுமிச்சை, புளி, வினிகர் சொட்டினால் அந்த இடம் வெளுத்து அரித்துப்போகும், துடைத்தாலும் போகாது. ஊறுகாய் ஜாடியும் வினிகரும் நிற்கும் தட்டுக்கு மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் துண்டு பொருத்தம். ஜாடிகள் எப்போதும் கீழ்த்தட்டில்.

இப்போது அழகு. எண்ணெய்களை ஒரே வடிவ பாட்டில்களுக்கு மாற்றினாலே ரேக்கின் தோற்றம் மாறிவிடும். ஒவ்வொரு தட்டிலும் ஓரிரு இடத்தைக் காலியாக விடுங்கள், நெருக்கி அடைத்த ரேக் பலசரக்குக் கடையாகிவிடும். பின்சுவரில் ஆத்தங்குடி ஓடு பதித்தால் அதன் நிறங்களுக்கு முன்னால் கண்ணாடி பாட்டில்கள் தனி அழகு. அது சிமென்ட் ஓடு, எண்ணெயைக் குடிக்கும், பதித்ததும் சீலர் பூசுங்கள். முன்பக்கம் 4 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கம்பி ஓடட்டும், பித்தளையில் போட்டால் நகை மாதிரி இருக்கும். பாட்டில் வழுக்கி விழாமல் காப்பதும் அதுதான். விளக்கு வைப்பதானால் மஞ்சள் வெளிச்சமுள்ள எல்.இ.டி. பட்டையை மேல்தட்டின் அடியில் பின்பக்கமாக ஒட்டுங்கள், சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் போடுங்கள்.

மாட்டி முடித்ததும் எல்லா பாட்டிலையும் ஒரேயடியாக ஏற்றாதீர்கள். முதல் நாள் கீழ்த்தட்டு மட்டும். மறுநாள் மேல் ஸ்க்ரூக்களின் ஓரத்தில் பூச்சு விரிந்திருக்கிறதா, ரேக்கின் மேல்விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தாள் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையவில்லையென்றால் அடுத்த தட்டை நிரப்பலாம். நுழைந்தால் அத்தனையையும் இறக்கிவிட்டு நீளமான பிளக்குக்கு மாறுங்கள்.

வணக்கம்.