பிசிஐ பலகை வந்திட்டுது, வயரைத்தான் காணேல்ல

வணக்கம், வணக்கம். இண்டைக்குக் கொஞ்சம் கடுப்பிலதான் இருக்கிறன். கம்ப்யூட்டரின்ர பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட்டில (கார்ட் குத்துற புது வகை ஸ்லொட், பழைய வகைதான் பிசிஐ) குத்தி ரெண்டு பழைய பிசிஐ கார்ட் போடுற பலகை, போன வீடியோவில சொன்னன் எல்லே, அது வந்திட்டுது. பவர் வயர் இல்லை! நாலு கம்பி வயர், அதை வைக்க அனுப்பினவைக்கு மனம் வரேல்ல.

வயர் இல்லாமல் ஓடாதோ? ஓடாது. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட் தாறது 12 வோல்ற்றும் 3.3 வோல்ற்றும்தான். பழைய கார்ட்டுக்கு 5 வோல்ற் வேணும், அதைப் பவர் சப்ளையில இருந்துதான் எடுக்கோணும். இஞ்ச கிட்டப் பாருங்கோ, பழைய ஃபிளொப்பி றைவின்ர சின்னப் பிளக்: முதல் பின் சிவப்பு, 5 வோல்ற். நடுவில ரெண்டு கறுப்பு. நாலாவது மஞ்சள், 12. பெரிய மொலெக்ஸில, அதுதான் பழைய ஹார்ட் டிஸ்க்கின்ர நாலு பின் பவர் பிளக்கில, முதல் பின்தான் மஞ்சள். வயரை வெட்டி ஒட்டுறவை பின் நம்பரைப் பாக்காதேங்கோ, நிறத்தைப் பாருங்கோ. மாறிச்சுதெண்டால் 5 வோல்ற் லைனில 12 ஏறி கார்ட் புகைஞ்சிடும்.

ஆ, மறந்துபோனன். பலகையை ஸ்லொட்டோட இணைக்கிற இந்த நீல வயர் யூஎஸ்பி மாதிரித்தான் கிடக்கு, ஆனா உள்ளுக்கு ஓடுறது பிசிஐ எக்ஸ்பிரஸ் சிக்னல். யூஎஸ்பி போர்ட்டில செருகிப்போடாதேங்கோ.

"புது மதர்போர்ட்டிலயும் பிசிஐ ஸ்லொட் கிடக்கே" எண்டு கேப்பியள். இன்ரெல்காரர் 2011இல ஹெச்67, பி67 சிப்செட்டிலேயே அதைக் கழட்டிப்போட்டினம். அடுத்த வருசம் வந்த பி75 மாதிரிச் சிலதில மிஞ்சிக் கிடந்தது. இப்ப ஸ்லொட் இருந்தால் பின்னால எக்ஸ்பிரஸைப் பிசிஐ ஆக்குற ஒரு பிரிட்ஜ் சிப் இருக்கு. அந்தச் சிப் ஏஎஸ்எம்1083 எண்டால் எனக்குக் கண்ணிலயும் காட்டக்கூடாது. லினக்ஸில இன்ரறப்ட், அதாவது கார்ட் சிபியுவைக் கூப்பிடுற சிக்னல், மாட்டுப்பட்டு, கேர்னல் அந்த லைனையே (ஐஆர்க்யூ) நிப்பாட்டிப்போடும்.

டொட் மற்றிக்ஸ் பிறின்ரருக்காக பரலல் கார்ட் தேடுற கடைக்காரருக்கு: இந்தப் பலகையே வேண்டாம், நேரா எக்ஸ்பிரஸ் பரலல் கார்ட் வேண்டுங்கோ. டிவைஸ் மனேஜரில போர்ட்டை எல்பிடி1 (முதல் பிறின்ரர் போர்ட்) ஆக்குங்கோ. பழைய டோஸ் பில் புறோகிறாம் எல்பிடி1இன்ர பழைய 378ஆம் அட்ரஸுக்கே (ஹெக்ஸ்) நேரா எழுதுமெண்டால் அதுவும் சரிவராது, கார்ட்டின்ர அட்ரஸ் வேற.

மற்றது றைவர், கார்ட்டை ஓட்டுற சொஃப்ற்வெயார். விண்டோஸ் 11 முழுக்க 64 பிட். 32 பிட் றைவர் மட்டும் உள்ள கார்ட்டை அதில போட்டுப் பிரியோசனமில்லை.

எங்கட உப்புக்காத்துக்கு கார்ட்டின்ர பொன்நிறப் பல்லெல்லாம் கறுத்திருக்கும். அழிறப்பரால மெதுவாத் தேய்ச்சு, தூளைத் தட்டிப்போட்டுச் செருகுங்கோ. சாட்டா பவர் பிளக்கில இருந்து ஃபிளொப்பி பிளக்குக்கு மாத்திற வயர் ஆரிட்டயும் கிடந்தால் சொல்லுங்கோ, கிடைச்ச உடன ஓட்டிக் காட்டுறன்.