அவருக்கு 150, எனக்கு ஏன் 300?

நேயர்களுக்கு வணக்கம்.

குழந்தைப்பேறு சிகிச்சை நடக்கும் இடங்களில், காலை நேரத்தில் ஸ்கேன் அறைக்கு வெளியே பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எங்கே சுற்றினாலும் பேச்சு ஊசியில் வந்து நிற்கும். "உங்களுக்கு எத்தனை யூனிட் போடுறாங்க?" "150-ங்க." "எனக்கு 300. ஏன்னு தெரியலை." அந்த இரண்டாவது பெண்ணின் முகம் உடனே வாடிவிடும், தன்னிடம் ஏதோ பெரிய குறை இருப்பதுபோல. அவருக்காகவே இன்று பேச வந்திருக்கிறேன்.

முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கி, பிறகு கருப்பையில் வைக்கும் ஐ.வி.எஃப். சிகிச்சையில், முட்டை வளர்வதற்காகத் தினமும் வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஊசியில் இருப்பது எஃப்.எஸ்.ஹெச். என்ற ஹார்மோன். நம் உடம்பிலேயே சுரப்பதுதான். மாதவிடாயின் முதல் சில நாட்களில், சூலகத்தில் சின்னச் சின்ன முட்டைப்பைகள் சில வளரத் தயாராக நிற்கும். எஃப்.எஸ்.ஹெச். கொஞ்சம் ஏறி, பிறகு இறங்கும். அந்த இறக்கத்தைத் தாங்கி ஒரு பை மட்டும் வளரும். மற்றவை சுருங்கிப் போகும். ஊசி அந்த ஹார்மோனை இறங்கவிடாமல் பிடித்து வைக்கிறது. அதனால் சுருங்கிப் போக இருந்தவையும் சேர்ந்து வளர்கின்றன. இந்தச் சிகிச்சையால் முட்டையெல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கும் இதுவே பதில். அந்த மாதம் எப்படியும் வீணாகப் போயிருக்கும் முட்டைகள் அவை.

ஆனால் ஊசி புதிதாக ஒரு முட்டையைக்கூட உண்டாக்காது. பந்தியில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தால், பத்துப் படி அரிசி வடித்தாலும் ஐந்து இலைதான் நிறையும்.

பந்தியில் எத்தனை பேர் என்பதை முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிட முடியும். ஸ்கேனில் அந்தச் சின்னப் பைகளை எண்ணுவது ஒரு வழி. ஏ.எம்.ஹெச். என்ற ரத்தப் பரிசோதனை இன்னொன்று. இவற்றோடு வயது, உடல் எடை எல்லாம் பார்த்து அவரவருக்கு ஏற்ற அளவைத் தீர்மானிப்பதுதான் இன்று பலரும் பேசுகிற தனிநபர் அளவு. ஏ.எம்.ஹெச்., எடை இரண்டையும் கணக்கில் வைத்தே அளவு சொல்லும் ஃபாலிட்ரோபின் டெல்டா என்ற மருந்தும் வந்துவிட்டது.

இதனால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுமா? நெதர்லாந்தில் 1,515 பெண்களை வைத்து நடந்த ஆப்டிமிஸ்ட் ஆய்வு 2017-இல் வெளியானது. முட்டைப்பைகள் குறைவாக இருந்த பெண்களில் ஒரு பாதிக்கு வழக்கமான 150 யூனிட். மறு பாதிக்கு 225 அல்லது 450. ஒன்றரை ஆண்டு பார்த்தார்கள். அதிக ஊசி போட்டவர்களுக்குக் குழந்தை கூடுதலாகப் பிறக்கவில்லை, செலவுதான் கூடியது. நகையை அடகு வைத்து ஊசி வாங்குகிற குடும்பங்களை நினைத்துப் பார்த்தால், இது சாதாரண விஷயமில்லை.

முட்டைப்பைகள் அதிகம் உள்ளவர்கள் பக்கம் வேறு கதை. அதே ஆய்வில் அவர்களுக்கு 150-க்குப் பதில் 100 யூனிட் கொடுத்தபோது குழந்தை பிறக்கும் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் சூலகம் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வீங்கும் ஓ.ஹெச்.எஸ்.எஸ். பிரச்சினை 11.8 சதவீதத்திலிருந்து 5.2 ஆகக் குறைந்தது. கடுமையான பாதிப்பு மட்டும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அதனால்தான் அளவைக் குறைப்பதோடு நிறுத்தாமல், முட்டை முதிர்வதற்காகக் கடைசியாகப் போடும் டிரிக்கர் ஊசியை மாற்றுவதும், கருவை உறைய வைத்து அடுத்த மாதங்களில் கருப்பையில் வைப்பதும் சேர்கின்றன.

ஆக, என் கருத்து இதுதான். தனிநபர் அளவின் பெரிய லாபம் பாதுகாப்பு. "உங்களுக்கென்றே கணக்குப் போட்டு மருந்து, நிச்சயம் குழந்தை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஊசிக் காலத்திலோ முட்டை எடுத்த பிறகோ வயிறு உப்பிக்கொண்டே போனால், ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் எடை ஏறினால், சிறுநீர் குறைந்தால், மூச்சு வாங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஏ.எம்.ஹெச். ரிப்போர்ட்டில் எண்ணை மட்டும் பார்த்து அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் உள்ள அலகையும் பாருங்கள். ஒரு லேப் நானோகிராம் கணக்கில் 2 என்று தரும். இன்னொன்று பிகோமோல் கணக்கில் 14 என்று தரும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றேதான். அப்புறம், ஏ.எம்.ஹெச். முட்டைகளின் எண்ணிக்கையைத்தான் காட்டும். தரம் பெரும்பாலும் வயதைப் பொறுத்தது.

இரண்டாவது முறை சிகிச்சைக்குப் போகிறவர்கள் கையில் இன்னொரு நல்ல வழிகாட்டியும் இருக்கிறது. முதல் முறை என்ன மருந்து, எத்தனை யூனிட், எத்தனை நாள், எத்தனை முட்டை கிடைத்தது என்ற விவரம்தான் அது. மருத்துவமனை மாறும்போது பலரிடம் பில் இருக்கிறது, இந்த விவரம் இல்லை. கேட்டு வாங்குங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் விதிகளிலேயே இருக்கிறது.

வணக்கம்.