இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய சொகுசு எஸ்யூவி: ராத்திரி ஒரு அளவு, காலையில் ஒரு அளவு

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே கேமராவை எடுத்துவிட்டேன், காரணம் இருக்கிறது. இந்த வண்டி நிற்பது காற்றுப் பைகளின் மேல். அவை கசிகின்றனவா என்று பார்க்க, நேற்று ராத்திரி நிறுத்தியதும் நான்கு சக்கரத்துக்கும் அளவெடுத்தேன். சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை. இதோ, மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதியும் வைத்திருக்கிறேன். இப்போது அதே இடத்தில் மறுபடி அளவு டேப்பை வைக்கிறேன். முன்னால் இடது, அப்படியே இருக்கிறது. முன்னால் வலது, 2 மில்லிமீட்டர் வித்தியாசம். அது நான் டேப் பிடித்த லட்சணம். பின்னால் வலது, சரி. பின்னால் இடது... 19 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது.

கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது. நீங்களே பாருங்கள், வண்டி கம்பீரமாகத்தான் நிற்கிறது. ஆனால் இது மூன்றாவது நாள், மூன்று நாளும் அதே மூலைதான். சில வண்டிகள் நிறுத்தி வைத்திருக்கும்போதே தானாக மட்டம் பார்த்துக் காற்றைக் கூட்டிக் குறைக்கும், அதனால் ஒரு ராத்திரியை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

இந்த வண்டி இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது, வயது பதினான்கு. கமெண்டில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: இன்ஜின் எப்படி இருக்கிறது? இன்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது. நேரத்துக்கு ஆயில் மாற்றினால் அது பாட்டுக்கு ஓடும். இந்த வயதில் ஆளைக் கவிழ்ப்பது இன்ஜினைச் சுற்றியிருக்கும் ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான். வண்டி ஓடாமல் சும்மா நின்றாலும் அவற்றுக்கு வயதாகும். கிலோமீட்டர் குறைவு என்று பழைய வண்டியை நம்பி வாங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, காற்றுப் பைக்கு வருவோம். விபத்தில் முகத்துக்கு முன்னால் வெடித்து வரும் ஏர்பேக் வேறு, இது வேறு. ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் காற்று நிரப்பிய ரப்பர் பை. வண்டி ஏறி இறங்கும்போது ஒரே மடிப்பில் லட்சக்கணக்கான முறை மடங்கி விரியும். வெடிப்பு அந்த மடிப்பில்தான் விழும். பை கொஞ்சம் கசிந்தால் வண்டி நம்மிடம் ஒன்றும் சொல்லாது. பைகளுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் அடிக்கடி ஓடி ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். அது இரண்டு நிமிடம் ஓடி ஓய்வெடுக்கிற மோட்டார், நாள் முழுக்க ஓடுவதற்குச் செய்தது இல்லை. அதிகம் ஓட ஓட உள்ளே ஈரம் உறிஞ்சும் மணிகளும் நனைந்து போகும். ஈரக் காற்று, ஒவ்வொரு பைக்கும் காற்றைப் பிரித்து விடுகிற வால்வு பிளாக்குக்குள் போய் அங்கேயும் வேலையைக் காட்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். முன்பக்கப் பை ஒன்று கசிந்தபோது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் தானாக எழுந்துவிடுகிறதே, அப்புறம் பார்க்கலாம் என்று நான்கு மாதம் விட்டேன். ஒருநாள் எழவில்லை. கம்ப்ரசர் கருகிப்போயிருந்தது. ஒரு பையோடு முடிய வேண்டிய செலவு பை, கம்ப்ரசர், ரிலே என்று மூன்றாக வளர்ந்தது. ரிலே என்பது கம்ப்ரசருக்குக் கரண்டை விட்டு நிறுத்துகிற சுவிட்ச். சின்னச் சாமான்தான், ஆனால் அதன் உள்முனை ஒட்டிக்கொண்டால் புதுக் கம்ப்ரசரும் நிற்காமல் ஓடிக் கருகும். மாற்றும்போது சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

கசிவைத் தேட சோப்புத் தண்ணீர் போதும். தெளிக்கிறேன், பாருங்கள். கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். மடிப்புக்குள்ளே, கடுகு அளவு குமிழி... ஒன்று, பக்கத்தில் இன்னொன்று, மெதுவாகப் பெரிதாகிறது. அங்கேதான். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: காற்றில் நிற்கும் வண்டிக்கு அடியில் ஸ்டாண்டு கொடுக்காமல் தலையை நுழைக்காதீர்கள். திடீரென்று காற்று இறங்கினால் வண்டி உங்கள் மேல்தான் உட்காரும். ஜாக்கி போடுவதற்கு முன்னால் வண்டியின் மெனுவில் ஜாக் மோடு (தானாக மட்டம் பார்ப்பதை நிறுத்தி வைப்பது) இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பானெட்டுக்குள். இது கூலண்ட் டேங்க், இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவம் இருக்கிற இடம். இந்த ஒட்டுக்கோடு ஓரத்தில் வெளுத்த உப்பு மாதிரி ஒரு கறை தெரிகிறதா? கூலண்ட் கசிந்து, சூட்டில் காய்ந்து விட்டுப்போன தடம். தரையில் ஒரு சொட்டுகூட இருக்காது. சூடாவதும் ஆறுவதுமாகப் பல வருடம் போனால் பிளாஸ்டிக் மொறுமொறு என்று ஆகிவிடும். ஹோஸைக் கழற்ற லேசாகத் திருகினாலே அது மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் மூக்கு கையோடு வரும். அதனால் ஹோஸ், டேங்க், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுவது என் வழக்கம். தனித்தனியாக மாற்றினால் ஒவ்வொரு முறையும் கூலண்டை இறக்கி ஏற்ற வேண்டும். டெம்பரேச்சர் முள்ளை மட்டும் நம்பாதீர்கள். பல வண்டிகளில் அது உண்மையான சூட்டைக் காட்டாது, சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். முள் நகரும்போது இன்ஜினின் மேல்பாகமான அலுமினிய ஹெட் வளைய ஆரம்பித்திருக்கலாம். ஓபிடியில், அதாவது வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற சாக்கெட்டில், ஒரு சின்ன ஸ்கேனர் செருகினால் உண்மையான டிகிரியே தெரியும்.

கியர்பாக்ஸ். இதற்கு ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம் என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் என்னிடம் அடித்துச் சொன்னார்கள். யாருடைய ஆயுள் என்று கேட்டேன், சிரித்தார்கள். இந்த மாதிரி வண்டிகள் பலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து தருகிற இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்துக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. பல மாடல்களில் ஆயில் சட்டியும் ஃபில்டரும் ஒரே பிளாஸ்டிக் துண்டு, சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். அளவு பார்ப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது: இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஆயிலின் சூடு அந்தக் கியர்பாக்ஸுக்குச் சொன்ன டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஸ்கேனர் வைக்காமல் கைக்கணக்கில் ஊற்றுகிறவரிடம் விடாதீர்கள். இன்ஜின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ், அதை இடது வலது சக்கரங்களுக்குப் பிரிக்கிற முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல், மூன்றுக்கும் தனித்தனி ஆயில். யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற தர பிரேக் ஆயிலுக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி. இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை மலை இறக்கத்தில் பிடித்து நிறுத்துவது இதுதான்.

அப்புறம், யாரும் சந்தேகப்படாத ஒன்று: சன்ரூஃப். திறந்தால் நான்கு மூலையிலும் சின்ன ஓட்டை இருக்கும், மழைத்தண்ணீர் இறங்கிப் போகிற வழி. இலையும் தூசும் அடைத்தால் தண்ணீர் கார்ப்பெட்டுக்கு அடியில் போய்த் தேங்கும். பல சொகுசு வண்டிகளில் எலக்ட்ரானிக் பெட்டிகள் அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுகிறேன்... இதோ, முன்சக்கரத்துக்குப் பின்னால் சொட்டுகிறது, வழி திறந்திருக்கிறது. அடைத்திருந்தால் கம்ப்ரசர் காற்றை வேகமாக அடிக்காதீர்கள், உள்ளே குழாய் கழன்றுகொள்ளும். நைலான் நரம்பு ஒன்றை நுழைத்துப் பொறுமையாக எடுங்கள்.

திடீரென்று டேஷ்போர்டில் சம்பந்தமில்லாத ஐந்தாறு எச்சரிக்கை ஒன்றாக எரிந்தால், முதலில் பேட்டரி வோல்டேஜைப் பாருங்கள். கம்ப்யூட்டரை மாற்ற வேண்டும் என்று யாராவது சொல்வதற்கு முன்னால் பாருங்கள். புது பேட்டரி போட்டால் பல வண்டிகளில் அதை ஸ்கேனரில் பதிவும் செய்ய வேண்டும்.

டயர், வைப்பர் பற்றியெல்லாம் இன்றைக்குப் பேசப்போவதில்லை, உங்களுக்கே தெரியும்.

அந்த இடது பின் பை நேற்றே வந்துவிட்டது, இதுதான் பெட்டி. பக்கத்தில் இன்னொரு பெட்டி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது வலது பக்கத்துக்கு. வலது பக்கம் இன்னும் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. இரண்டையும் நாளைக்கு மாட்டுகிறேன், கேமராவோடு வருகிறேன்.