ஒடித்துப் பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள்

(ஈரோட்டில் இசைத்தட்டு கேட்கும் நண்பர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தம்பிமார்களுக்கும் பின்வரிசையில் இருக்கும் அம்மிணிகளுக்கும் வணக்கம்.

போன மாதச் சண்டையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ராக் இசையில் நீண்ட பாட்டும் சிக்கலான தாளமுமாகப் போகிற புரோகிரஸிவ் ராக் என்பதே நீட்டி முழக்கும் வேலை என்றார் ஒருவர். ஜாஸ் கிட்டார் ஓட்டலில் சாப்பிடும்போது பின்னால் ஓடவிடுகிற சமாச்சாரம் என்றார் இன்னொருவர். டீ ஆறிப்போனது. ஒரே பஸ்ஸில் வந்த இருவரும் தனித்தனி பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். இதற்குத் தீர்ப்புச் சொல்லத்தான் என்னை மேடையேற்றியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. தீர்ப்புக்கு வேறு ஆளைப் பாருங்கள். நான் மஞ்சள் வியாபாரி வீட்டுப் பிள்ளை.

மண்டியில் மஞ்சள் வாங்க வருகிறவர் என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியும். சாக்குக்குள் கைவிட்டு ஒரு விரலியை எடுப்பார். டக்கென்று ஒடிப்பார். உள்ளே நிறம் எப்படி, ஈரம் நிற்கிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்த்து, மூக்கருகே ஒருமுறை கொண்டுபோய், அப்புறம்தான் வாயைத் திறப்பார். தூர நின்று மூட்டையைப் பார்த்துவிட்டு "மட்டச் சரக்கு" என்று சொன்ன ஒருவரை என் அப்பா அதற்குப் பிறகு திண்ணையில் உட்காரவிட்டதில்லை. ஆல்பங்களைப் பற்றி நாம் பேசுவதில் பாதிக்கு மேல் அந்தத் தூர நின்ற பேச்சுத்தான். எந்தப் பாட்டு, எத்தனையாவது நிமிடம் என்று கேட்டால் வாய் அடைத்துவிடுகிறது.

நீட்டி முழக்குகிறார்கள் என்ற புகாரையே எடுத்துக்கொள்வோம். யெஸ் என்ற புரோகிரஸிவ் ராக் குழுவின் 'குளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பம் 1972இல் வந்தது. தலைப்புப் பாட்டு மட்டும் 18 நிமிடத்துக்கு மேல். இசைத்தட்டின் முதல் பக்கம் முழுக்க அதுதான். இதை நான் முதலில் கேட்டது பாட்டுப் பதிந்து தருகிற ஒரு கடையில் வாங்கிய அறுபது நிமிடக் கேசட்டில். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம் என்றால் பத்துப் பதினொரு நிமிடம் மிச்சம். டேப்பை வீணாக்க மனம் வராத கடைக்காரர் அங்கே இரண்டு மலையாளப் பாட்டுகளைப் போட்டு நிரப்பிவிட்டார். இன்றைக்கும் அந்த நீண்ட பாட்டு முடிந்தவுடன் என் காது படகோட்டிகளின் வள்ளப் பாட்டு ஒன்றை எதிர்பார்க்கிறது.

அந்தப் பாட்டை ஒடித்துப் பாருங்கள். தொடக்கத்தில் பறவைச் சத்தமும் நீர் ஓடும் சத்தமும் மட்டும்தான். திடீரென்று எல்லா வாத்தியமும் ஒரே சமயத்தில் பாய்கின்றன. ஸ்டீவ் ஹவ்வின் கிட்டார் ஒரு பக்கம், பில் புரூஃபோர்டின் டிரம்ஸ் ஒரு பக்கம், ஐந்து பேரும் ஐந்து ஊர் பஸ்ஸுக்கு ஓடுவது மாதிரி இருக்கும். நடுவில் எல்லாம் அடங்கி, ரிக் வேக்மன் தேவாலய ஆர்கனைத் திறக்கிறார். அந்த ஓட்டம் அவ்வளவு நேரம் ஓடியிராவிட்டால் இந்த அமைதிக்கு எடை ஏது? இதில் எந்த நிமிடத்தை வெட்டலாம் என்று எனக்குக் காட்டுங்கள், கத்தரியை நானே எடுத்துத் தருகிறேன். ஆனால் அதே குழு 1973இல் இரட்டைத் தட்டாக, நான்கு பக்கத்துக்கு நான்கே பாட்டாகப் போட்ட 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' பற்றிப் புகார் என்றால் நான் உங்கள் கட்சி. வேக்மனுக்கே அது பிடிக்காமல் அடுத்த வருடம் குழுவைவிட்டுப் போனார்.

தாளம் புரியவில்லை என்கிற தம்பிக்கு ஒரு வார்த்தை. பிங்க் ஃப்ளாய்ட் என்ற ராக் குழுவின் 'மணி' பாட்டு 1973இல் வந்தது, ஏழடித் தாளம். தகிட தகதிமி என்று தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள், கை தானாக உட்கார்ந்துவிடும். சாக்ஸபோன் முறை முடியும்வரை ஏழு ஓடும். டேவிட் கில்மோரின் கிட்டார் நுழையும் இடத்தில் நான்குக்கு மாறுகிறது. மேட்டில் மிதித்துவந்த சைக்கிள் இறக்கத்தில் தானாக உருளுமே, அந்தச் சுகம். எண்ணிக்கொண்டே வந்தவருக்குத்தான் அது முழுசாகக் கிடைக்கும்.

இனி ஓட்டல் இசைக்கு வருகிறேன். ஜாஸ் கிட்டார் வாசித்த வெஸ் மான்ட்கோமரி அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ்காரர். பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் கிளப்பில் வாசிப்பு. ஷிப்ட் முடித்துவந்து தூங்காமல் இன்னொரு வேலை பார்ப்பது என்னவென்று கோயம்புத்தூர் மில் சங்குக்கு எழுந்த குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரவு சாதகத்தில் அக்கம்பக்கத்துத் தூக்கம் கெடக் கூடாது என்றுதான் கம்பியை மீட்டுகிற பிக் என்ற சின்னத் தகட்டை விட்டுவிட்டுக் கட்டைவிரலால் மீட்டினார் என்பார்கள். அந்த விரலின் சதைதான் அவருடைய நாதம். 1960இல் வந்த ஆல்பத்தில் 'வெஸ்ட் கோஸ்ட் புளூஸ்' கேளுங்கள். முதலில் ஒற்றை ஸ்வரமாகப் பேசுகிறார். பிறகு அதே ஸ்வரத்தைக் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் சேர்த்து மீட்டுகிறார், இரண்டு ஆள் வாசிப்பது மாதிரி. கடைசியில் கொத்துக் கொத்தாகக் கார்டுகள், அதாவது பல ஸ்வரம் ஒரே சமயத்தில். ஒரு படிக்கட்டு ஏறி முடித்த மூச்சு நமக்கே வாங்கும். இதை வைத்துக்கொண்டு ஒருவர் இட்லி சாப்பிட முடியும் என்றால் அவருக்கு இட்லிதான் முக்கியம். 1967இல் வயலின் கூட்டத்தோடு அவர் பதிந்த 'எ டே இன் தி லைஃப்' வேறு கதை. மென்மையாக, ஓரமாக ஒலித்துக்கொண்டிருக்கும். அது நன்றாக விற்றது. நான் அதைத் திட்டமாட்டேன், அடிக்கடி போடவும் மாட்டேன். அடுத்த வருடம் 45 வயதில் அவர் போய்விட்டார்.

சக்தி குழுவைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். கிட்டார் ஜான் மக்லாஃப்ளினோடு தபலா ஜாகிர் உசேனும் கடம் விக்கு விநாயக்ராமும் வயலின் எல். சங்கரும் உட்கார்ந்த குழு. முதல் ஆல்பம் 1976. நம் கடம் ஒலிக்கிறது என்பதற்காகக் கூடுதல் மதிப்பெண் போடாதீர்கள், அதையும் ஒடித்தே பாருங்கள்.

நேரமாகிவிட்டது. சண்டை போட்ட இருவரும் இன்றும் வந்திருக்கிறார்கள், ஆளுக்கொரு மூலையில். முன்வரிசைக்கு வாருங்கள். தட்டை வைக்கப்போகிறேன். அந்த மின்விசிறியை யாராவது நிறுத்துங்கள், பறவைச் சத்தம் கேட்காது.