எடைபோடும் அதிகாரம் நீதிபதிக்கும் வேண்டும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பிரிட்டனில் ஒருவர் குழந்தைகளுடன் வேலை செய்யக்கூடாது என்று, வேலைக்கு வருவோரின் பின்னணியைச் சரிபார்க்கும் டிபிஎஸ் என்ற அரசு அமைப்பு தடை போட்டால், அந்தத் தடையை நீதிபதிகள் முழுமையாக மறுஆய்வு செய்யலாமா என்பது தலைப்பு. செய்தே ஆக வேண்டும் என்று எங்கள் அணி சொல்கிறது.

எதிரணித் தலைவர் இங்கிலாந்தின் சோஹம் ஊரில் நடந்த கொலைகளில் தொடங்கினார். 2002இல் பத்து வயதுச் சிறுமிகள் இருவரைக் கொன்றவன் ஒரு பள்ளிக் காப்பாளன். கேட்டாலே வயிறு பற்றி எரிகிறது. ஆனால் அதை ஆராய்ந்த பிச்சார்ட் விசாரணை 2004இல் சொன்னது என்ன? அவன் மீது முன்பே வந்த புகார்களைக் காவல்துறை ஒழுங்காகப் பதிந்து வைக்கவில்லை. அதனால் அவனை வேலைக்கு எடுத்தபோது அந்த விவரம் பள்ளிக்குத் தெரியவில்லை. எந்த நீதிபதியும் இரக்கப்பட்டு அவனை அங்கே அனுப்பவில்லை. கோப்பில் இருந்த ஓட்டைக்கு மேல்முறையீட்டை ஏன் அடைக்க வேண்டும்?

அதன் பிறகு 2006இல், இப்படித் தடை போடுவதற்கான சட்டம் வந்தது. சில குற்றங்களுக்கு முதலில் தடை, அப்புறம்தான் விளக்கம் என்று ஆக்கினார்கள். பிள்ளையை வீட்டில் தனியே விட்டதாகக் காவல்துறையின் எச்சரிக்கையை ஏற்றவருக்கும் அதே கதிதான். செவிலியர் சங்கமான ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் வழக்குப் போட்டது. ஒருவர் தன் தரப்பைச் சொல்லுமுன்பே அவரைத் தடைப் பட்டியலில் சேர்ப்பது மனித உரிமை மீறல் என்று 2010இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றக் கதவு திறந்திருந்ததால் கிடைத்த நியாயம் அது.

இன்று என்ன நிலை? டிபிஎஸ்ஸிலிருந்து கடிதம் வரும். பதில் எழுத 8 வாரம். பெரும்பாலும் ஆளைப் பார்க்காமல், காகிதத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். 25 வயது கடந்தவர் தடைபட்டால், பெயரை நீக்கச் சொல்லிக் கேட்கவே பொதுவாக 10 ஆண்டு காத்திருக்க வேண்டும். தடையை மீறினால் 5 ஆண்டு வரை சிறை.

இத்தனை கனமான முடிவை எதிர்த்து, நீதிபதிகள் விசாரிக்கும் மேல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் சட்டத்தைப் பயன்படுத்தியதில் தவறு, அல்லது நடந்ததைக் கண்டறிந்ததில் தவறு என்றுதான் வாதாட முடியும். ஒரு வகுப்பறை உதவியாளரை நினைத்துப் பாருங்கள். சண்டை போட்ட பையனைக் கையைப் பிடித்து வேகமாக இழுத்துவிட்டார். இழுத்தது உண்மை, அவரே மறுக்கவில்லை. அதற்கு வாழ்நாள் பிழைப்பையே பறிக்கலாமா என்பதுதான் அவருடைய கேள்வி. ஆனால் தடை பொருத்தமா என்பது சட்டக் கேள்வியும் அல்ல, உண்மைக் கேள்வியும் அல்ல என்று அந்த 2006 சட்டத்தின் 4ஆம் பிரிவே எழுதி வைத்திருக்கிறது! தடை அளவு மீறியதா என்று தீர்ப்பாயம் பார்க்கலாம் என 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் அப்போதும் தடை போட்டவர்களின் கருத்துக்குத் தனி மதிப்புக் கொடுத்தே பார்க்க வேண்டும்.

"அதுவரை குழந்தையின் கதி?" என்று எதிரணித் தோழி கேட்டார். சரி, நியாயமான கேள்வி. மேல்முறையீடு நடக்கும்போதும் தடை அப்படியே நீடிக்கும், அம்மா. ஒரு நாள்கூட அவர் வகுப்பறைக்குள் போக முடியாது.

நடுவர் அவர்களே, 4ஆம் பிரிவின் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, எடைபோடும் அதிகாரத்தைத் தீர்ப்பாயத்துக்கும் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளியுங்கள். நன்றி, வணக்கம்.