ஒளி தாண்ட முடியாத இரண்டு எல்லைகள்

வணக்கம். கருந்துளை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, சுற்றியிருப்பதையெல்லாம் உறிஞ்சி விழுங்கும் ஒரு பூதம். அந்த எண்ணத்தை முதலில் விட்டுவிடுவோம். சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள ஒரு கருந்துளை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பூமி இருண்டுபோகும், உறைந்துபோகும். ஆனால் உள்ளே இழுக்கப்படாது. இப்போது சுற்றுகிற அதே பாதையில், அதே 365 நாளில் சுற்றிக்கொண்டிருக்கும். தூரத்தில் இருப்பவருக்கு எவ்வளவு நிறை என்பதுதான் கணக்கு. அது எவ்வளவு சின்ன இடத்தில் அடைந்துகிடக்கிறது என்பது கிட்டே போனால்தான் தெரியும்.

சரி, கிட்டே போவோம். சூரியன் முழுவதையும் 3 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டைக்குள் அமுக்க முடிந்தால் அது கருந்துளையாகிவிடும். பூமியை ஒரு கோலிக்குண்டு அளவுக்கு அமுக்க வேண்டும். அதன்பின் ஒளிகூட வெளியே வராது. அந்த எல்லைக்கு நிகழ்வெல்லை என்று பெயர்.

எல்லை என்றதும் சுவர் என்று எண்ண வேண்டாம். அருவியை நோக்கிப் பாயும் ஆறு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் மெதுவாக ஓடும் இடத்தில் மீன் எதிர்நீச்சல் போட்டுத் தப்பிவிடும். அருவி நெருங்க நெருங்க நீரின் வேகம் கூடும். ஓரிடத்தில் நீரின் வேகமும் மீனால் முடிந்த வேகமும் சமமாகிவிடும். அங்கே கோடு எதுவும் போட்டிருக்காது. தாண்டியது மீனுக்கே தெரியாது. ஆனால் திரும்ப வழியில்லை. ஆற்று நீர் என்று நான் சொல்வது வெளி, அதாவது ஸ்பேஸ். மீன் என்பது ஒளி. இந்த ஆற்றையும் மீனையும் மறந்துவிடாதீர்கள், மறுபடியும் தேவைப்படும்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படி நம்புவது? 2019 ஏப்ரலில் வெளியான எம்87 கருந்துளையின் படத்தை, அந்த ஆரஞ்சு வளையத்தை, பார்த்திருப்பீர்கள். எனக்கு அதைவிட நெருக்கமான சான்று ஒன்று உண்டு. நம் பால்வழியின் நடுவே எஸ்2 என்றொரு நட்சத்திரம் இருக்கிறது. 1990களிலிருந்து ரெய்ன்ஹார்ட் கென்ட்செல் தலைமையில் ஒரு குழுவும் ஆண்ட்ரியா கெஸ் தலைமையில் இன்னொரு குழுவும் தனித்தனியே வருடக்கணக்காக அதைப் பின்தொடர்ந்தார்கள். 16 ஆண்டுக்கு ஒருமுறை அது எதையோ சுற்றிவருகிறது. மிக அருகே வரும்போது நொடிக்கு 7,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. எதைச் சுற்றுகிறது என்று பார்த்தால், அந்த இடத்தில் இன்னொரு நட்சத்திரம் இல்லை. கணக்குப் போட்டால் 40 லட்சம் சூரியன்களின் நிறை அங்கே இருந்தாக வேண்டும். இதற்காக இருவருக்கும் 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு புள்ளியின் நகர்வை இத்தனை ஆண்டுகள் பொறுமையாகக் குறித்துவைத்தார்களே, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

இப்போது பிரபஞ்சத்துக்கு வருவோம். தொலைவில் உள்ள அண்டங்கள், அதாவது நம் பால்வழியைப் போன்ற நட்சத்திரக் கூட்டங்கள், விலகிப்போகின்றன, தூரம் கூடக்கூட வேகமும் கூடுகிறது என்று 1929இல் வானியலாளர் ஹபிள் காட்டினார். பெல்ஜியத்தின் லெமைத்ர் இரண்டு ஆண்டு முன்பே அதைக் கணித்திருந்தார். 10 லட்சம் ஒளியாண்டுத் தூரத்துக்கு, நொடிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்ற வீதம். இதை ஏதோ ஒரு மையத்தில் குண்டு வெடித்துச் சிதறியதுபோல எண்ணுகிறார்கள். மையமே கிடையாது. எந்த அண்டத்தில் நின்று பார்த்தாலும் மற்றவை விலகுவதாகத்தான் தெரியும், ஏனென்றால் விரிவது இடையிலுள்ள வெளி. அதற்காக நம் உடம்போ சூரியக் குடும்பமோ பெருப்பதில்லை. அவற்றைக் கட்டிவைத்திருக்கும் விசைகள் விடுவதில்லை.

அந்த விரிவு குறையாமல் முடுக்கம் பெற்று வருகிறது என்று 1998இல் தெரியவந்தது. காரணத்துக்கு இருண்ட ஆற்றல் என்று பெயர் வைத்திருக்கிறோம். பெயர்தான் இருக்கிறது, அது என்ன என்பது இன்னும் பிடிபடவில்லை.

அந்த மீனை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். மிகத் தொலைவிலிருந்து நம்மை நோக்கி நீந்துகிறது. இடையிலுள்ள ஆறோ நீண்டுகொண்டே போகிறது. ஏறத்தாழ 1,600 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இன்று புறப்படும் ஒளி என்றைக்கும் நம்மை வந்து சேராது. கருந்துளைக்கு ஒரு நிகழ்வெல்லை உண்டு என்றோமே, நம்மைச் சுற்றியும் அப்படி ஒன்று இருக்கிறது. அதற்கு அப்பால் உள்ள அண்டங்கள் பலவற்றைத் தொலைநோக்கியில் இப்போதும் பார்க்கிறோம். பார்ப்பது அவற்றின் இளமையை. பல நூறு கோடி ஆண்டுக்கு முன் புறப்பட்ட ஒளியை. இன்றிரவு அங்கே ஒரு நட்சத்திரம் பிறந்தால், அந்தச் சேதி நமக்கு வராது.